கதைய சொல்லு, மார்க்கு வேணாம்

மார்கழி பொறந்தா பாகூர் பக்கத்துல மூணு சங்கதி தவறாது. விடியகாலப் பனி. கோயில் மைக் செட்டு. அப்புறம் ஒங்களோட பட்டியலு. "இந்த வருசம் எனக்குப் புடிச்ச பத்துப் படம், அஞ்சு சீரிஸு, மூணு புஸ்தகம், ஒரு டஜன் பாட்டு." ஏன் பேராண்டி, ஒன்ன யாருப்பா கேட்டா?

கோச்சிக்காத. கெழவன் வயித்தெரிச்சல்ல பேசறான்னு நெனைக்காத. இந்த 2025ல வந்ததுல பாதிய மருமவ டிவியில பாத்தேன், மீதிய பேரன் போன்ல பாத்தேன். காதுதான் கொஞ்சம் மந்தம். கண்ணு நல்லாவே தெரியுது. நீ படத்தப் பாக்கறத விட, படம் பாத்தத மத்தவன் பாக்கறானான்னு பாக்கறது நல்லா தெரியுது.

வில்லியனூர் கொம்யூன்ல கீழூர்னு ஒரு கிராமம். போயிருக்கியா? போயிருக்க மாட்ட. அங்க ஹோட்டல் இல்ல, போட்டோ புடிக்க மஞ்ச பெயிண்ட் அடிச்ச செவுரும் இல்ல. ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. 1954 அக்டோபர் 18ந் தேதி, பிரெஞ்சுக்காரன் இருக்கணுமா, இந்தியாவோட சேரணுமான்னு அங்கதான் ஓட்டு. ஓட்டுப் போட்ட பிரதிநிதிங்க 178 பேரு. சேரணும்னவங்க 170, வேணாம்னவங்க 8. பொழுது சாயறதுக்குள்ள ஜோலி முடிஞ்சுது. நவம்பர் 1ந் தேதி கொடி மாறிப்போச்சு. ஒரு சீமையே எந்தப் பக்கம்னு முடிவு பண்ண ஒரு பகல் போதும். ஒனக்கு ஒன்பதாவது எடத்துல எந்தப் படம், பத்தாவது எடத்துல எந்தப் படம்னு முடிவு பண்ண ஒரு மாசம் வேணுமா?

அதுலயும் மார்க்கு வேற. மூணேகால். மூணரை. நாலுக்கு கொஞ்சம் கம்மி. பாண்லே சங்கத்துல பாலுக்குக் கொழுப்பு பாக்கற மாதிரி காலு, அரைன்னு பாக்கற. பாலுக்காவது அந்தக் கணக்குக்குத் தக்க காசு வரும். ஒனக்கு இன்னா வரும்?

எங்கிட்ட ஒரு அளவுகோல் இருக்கு. பழசு. ஆனா துரு புடிக்கல. ஒனக்கு ஒண்ணு புடிச்சிருக்குன்னா, போனக் கீழ வச்சிட்டு, திண்ணையில ஒக்காந்து, எழுத்து தெரியாத ஒங்க ஆயாவுக்கு அத சொல்லத் தெரியணும். ஆயா வெத்தல மெல்றத நிறுத்திட்டு "அப்புறம்?"னு கேக்கணும். கேட்டா அது ஒனக்குப் புடிச்ச படம். கேக்கலியா? நீ டிக்கெட்டு வாங்கினதுக்கு ரசீதுதான் வச்சிருக்க.

பேரன்கிட்ட ஒரு நாள் கேட்டேன். "ஒன் லிஸ்டுல இருக்கற அந்தப் படம் இன்னாடா கதை?" "கதைன்னு பெருசா இல்ல தாத்தா. மேக்கிங் வேற லெவல்." "எந்த லெவல்?" "அது ஒரு வைப் தாத்தா. ஒனக்குப் புரியாது." ஏன்டா, மகாபாரதம் புரிஞ்ச எனக்கு ஒன் வைப் புரியாதா? இல்ல, சொல்றதுக்கு ஒங்கிட்ட ஒண்ணும் இல்லியா?

இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேளு. இலங்கையில பொழைக்க வழியில்லாம ஒரு குடும்பம் ராவோட ராவா படகேறி ராமேசுவரம் வந்து எறங்குது. அப்பன், ஆத்தா, ரெண்டு புள்ளைங்க. மெட்ராஸ்ல ஒரு தெருவுல, யாருன்னு சொல்லாம குடி வருது. பேச்ச மாத்திப் பேசணும். போலீசு கண்ணுல படக்கூடாது. ஆனா அந்தப் புண்ணியவானால அடுத்த வீட்டுக் கஷ்டத்தப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. ஒருத்தரை ஒருத்தர் ஏறெடுத்துப் பாக்காத தெருவு, ஒளிஞ்சிக்க வந்தவனால ஒண்ணு கூடுது. மே 1ந் தேதி வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. சசிகுமாரு, சிம்ரன். எடுத்தது அபிஷன் ஜீவிந்த்னு ஒரு புள்ள, அவனுக்கு மொதப் படம். பாத்தியா, மூச்சு வாங்கறதுக்குள்ள சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரி அடுப்ப அணைச்சிட்டு வந்து கேட்டா. இதுக்கு எத்தினி மார்க்குன்னு அவ கேக்கல. "அந்தக் குடும்பத்த புடிச்சிட்டாங்களா?"ன்னு கேட்டா.

ஆகஸ்டு 14ந் தேதி 'கூலி' வந்துச்சு. ரஜினி படம்னா எனக்கும் ஆசைதான், இல்லன்னா சாமி கண்ணக் குத்தும். ஆனா படத்தப் பாத்துட்டு வந்தவன் ஒருத்தனாவது கதைய சொன்னானா? மொத நாள் இத்தினி கோடி, நாலு நாள்ல அத்தினி கோடின்னான். தம்பி, அந்தக் கோடி ஒன் கூரைக்கு ஓடு போட்டுச்சா? தயாரிப்பாளர் வீட்டுக் கணக்கப்புள்ள கவலப்பட வேண்டியதுக்கு, சம்பளம் வாங்காம நீ ஏன் கவலப்படற? அதுல 'மோனிகா'ன்னு ஒரு பாட்டு. ஊரே ஆடிச்சு. அது யாருடான்னு கேட்டா இத்தாலிக்கார நடிகை மோனிகா பெலூச்சியாம். ஆடினவன்ல பாதிப் பேருக்கு அந்தம்மாவத் தெரியாது. பிரான்சுல பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கற சொல்தா வீட்டுல போய்க் கேட்டாத்தான் வெவரம் கெடைக்கும்.

அப்புறம் ஒங்க சட்டம். போன வருசப் படம் இந்த வருசப் பட்டியல்ல வரக்கூடாதாம். யாரு போட்ட சட்டம், கோர்ட்டா? 'மெய்யழகன்' 2024 செப்டம்பர்ல வந்துச்சு. நீளம்னு நீங்க கூச்சல் போட்டு, வந்த கொஞ்ச நாள்லயே 18 நிமிசத்த வெட்ட வச்சீங்க. அப்புறம் போன்ல வந்ததும் "அய்யோ, இன்னும் கொஞ்சம் பேச மாட்டாங்களா"ன்னு அழுதீங்க. நான் அத இந்த வருசம்தான் பாத்தேன். ஒருத்தன் விழுந்து விழுந்து ஒபசாரம் பண்றான். சாப்பிடறவனுக்கு அவன் பேரு ஞாபகம் இல்ல. கேக்க வெக்கம். ராத்திரி பூரா அன்பா பேசறான், பேரு மட்டும் வரல. அம்மாம்தான் கதை. அதுக்கே தொண்டைய அடைக்குது. பேரு தெரியாமலே ஒருத்தன் மனசுல எடம் புடிக்கலாம்னு படமே எடுத்துக் காட்டறான். நீ அந்தப் படத்துக்கு நம்பர் ஒட்டிக்கிட்டு கெடக்கற.

இன்னொண்ணு சொன்னா சிரிப்பு வரும். 2024 ஆகஸ்டுல 'ஜமா'ன்னு ஒரு படம். பாரி இளவழகன்னு ஒரு தம்பி, தானே எடுத்து தானே நடிச்சது. இளையராஜா மியூசிக். தெருக்கூத்துல பொம்பள வேசம் கட்டற ஆம்பளையோட பாடு. நல்ல படம். பேரன் பாத்துட்டு, "தாத்தா, இப்படி ஒரு உலகமே இருக்கு, எனக்குத் தெரியாது"ன்னான். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு வருசா வருசம் நம்ம ஊர் நடுவுலயேதான்டா அந்த உலகம் நடக்குது! பகல்ல பாரதம் படிக்கறான். ராத்திரி கூத்து. துகில் உரியற அன்னிக்கி துரோபதை வேசக்காரன் அழுதா ஊர்ப் பொம்பளைங்க மாருல அடிச்சிக்கறாங்க. அர்ச்சுனன் தபசு மரம் ஏறறான். கடைசி நாள் மண்ணுல துரியோதனன் உருவத்த செஞ்சி படுகளம், சாயங்காலம் தீமிதி. நீ எங்க இருந்த? வீட்டுக்குள்ள கதவ சாத்திக்கிட்டு, "மைக் சத்தம் தாங்கல"ன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு இருந்த.

இதே கதைதான் மயானக் கொள்ளைக்கும். 2022ல 'சுழல்'னு ஒரு சீரிஸு வந்துச்சு. எட்டு எபிசோடு, மயானக் கொள்ளத் திருவிழா நடக்கற நாளுங்கள்ல கதை. விடிய விடிய முழிச்சி பாத்துட்டு, "கல்ச்சரல் டீட்டெய்லிங்"னு மெச்சிக்கிட்ட. இந்த மாசியில ரெண்டாவது பாகம் வந்துச்சு, பிப்ரவரி 28ந் தேதி. அதே வாரத்துலதான் நம்ம பக்கத்துல நெசமான மயானக் கொள்ளையும். அங்காளம்மன எடுத்துக்கிட்டு வந்தப்ப வண்டிய நிறுத்திட்டு, "டிராபிக்"னு திட்டினவன் யாரு? கண்ணாடிக்குள்ள வந்தா கலை, ரோட்டு மேல வந்தா தொந்தரவா?

கூத்துல மொதல்ல யாரு வருவான் தெரியுமா? கட்டியக்காரன். வந்ததும் கதைய ஆரம்பிக்க மாட்டான். ஊரக் கிண்டல் பண்ணுவான், நாட்டாமையக் கிண்டல் பண்ணுவான், பின்னாடி வரப்போற ராசாவையே கிண்டல் பண்ணுவான். அஞ்சு ரூபா அன்பளிப்பு குடுத்தவன் பேர சொல்லி மானத்த வாங்குவான். அதுக்குன்னே வந்து முன்னாடி ஒக்காருவோம். நீ இன்னா பண்ற? அறிமுகம்னு ஏதாவது வந்தாலே பொத்தான அமுக்கித் தாண்டிப் பூடற. அதுவும் பத்தாதுன்னு ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட்டற. நல்லா இருக்குன்ற, அப்புறம் எதுக்கு சீக்கிரம் முடிக்கணும்ன்ற?

சீரியலுக்கு வருவோம். இங்கதான் ஒன் பவுசு நல்லா வெளிய வருது. ஆத்தா சாயங்காலம் அரை மணி நேரம் பாத்தா நேரத்த வீணாக்கறா. நீ ராத்திரி முழுக்க பத்து மணி நேரம் பாத்தா அது ரசனை. 'சிறகடிக்க ஆசை' 2023 தையில ஆரம்பிச்சுது. கார் ஓட்டற முத்து, பூக்கட்டி விக்கற மீனா. மீனாவக் கண்டாலே ஆகாத மாமியா. ரகசியத்த மூடி மூடி வச்சிருக்கற இன்னொரு மருமவ ரோகிணி. கழனிக்குப் போற பொம்பளைங்ககிட்ட கேட்டுப் பாரு. மூணு வருசக் கதையையும் வரப்புல நடந்துக்கிட்டே சொல்லுவாங்க, யாரு எப்ப இன்னா பொய் சொன்னா, அத யாரு ஒட்டுக் கேட்டான்னு. நீ போன மாசம் பாத்த இங்கிலீசு சீரிஸ்ல ஒருத்தன் பேர சொல்லு பாப்போம்? மொதல்ல எதுக்கு அவன் ஓடனான்றதையாவது சொல்லு.

'எதிர்நீச்சல்' குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர்ல செத்தப்ப, எங்க தெருவுல பொம்பளைங்க நெசமாவே அழுதாங்க. அவ்ளோ நாளா அந்த ஆள வாய்க்கு வந்தபடி திட்டினவங்கதான். திட்டறதும் ஒரு பிரியம்தான் தம்பி. அவரு எடத்துக்கு வந்தது வேல ராமமூர்த்தி. அவரு எழுத்தாளருன்றது ஒனக்குத் தெரியும், எங்க தெருவுல தெரியாது. எழுத்தாளரையும் சேத்துத்தான் இப்ப திட்டறாங்க. சீரியல்ல கொறை இல்லன்னு நான் சொல்லல. ஒரு கதவத் தெறக்கறதுக்கு மூணு பேரு மொகத்த மூணு தடவ காட்டறான், அதுக்குள்ள ஒரு ஏக்கரு நாத்து நட்டுடலாம். ஆனா பாக்கறவ, "இது ஒலகத்தரம்"னு ஒரு நாளும் சொன்னதில்ல. புடிக்குது, பாக்கறா. அந்த நேர்மை ஒனக்கு இருக்கா?

பாட்டுக்கு வந்தா ஒன் கதை இன்னும் மோசம். வருசக் கடைசியில ஸ்பாட்டிஃபைக்காரன் ஒரு கணக்கு அனுப்பறான். நீ இத்தினி நிமிசம் கேட்ட, ஒனக்கு இவருதான் புடிக்கும், இந்தப் பாட்டுதான் புடிக்கும்னு. அத நீ எடுத்து ஊருக்கே காட்டற. ஏன் ராசா, ஒனக்குப் புடிச்சது எதுன்னு ஒனக்கே தெரியாம, போன் வந்து சொல்லணுமா? பேரன் எல்லார்கிட்டயும் "நான் ஜாஸ்தான் கேப்பேன்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். கணக்கு வந்துச்சு. மொத எடத்துல கானா. மருமவ கணக்கப் பாத்தா, மொத அஞ்சும் கொழந்தைக்கு சோறு ஊட்டறப்ப போடற பாட்டு. மருமவ சிரிச்சிட்டு காட்டினா. பேரன் போனத் தலவாணிக்கு அடியில வச்சிட்டான். யாரு ரசிகன்னு நீயே சொல்லு.

மார்ச்சு 8ந் தேதி இளையராஜா லண்டன்ல ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவ வச்சி 'வேலியன்ட்' சிம்பொனி வாசிக்க வச்சாரு. பண்ணைப்புரத்து மனுசன் அந்த மேடையில நின்னது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா ஒரு சொரம்கூட காதுல விழாம "கூஸ்பம்ப்ஸ்"னு எழுதினவன் நம்ம ஊர்லயே இருக்கான். அடுத்த மாசம் 10ந் தேதி 'குட் பேட் அக்லி'. தியேட்டர்ல நீ எழுந்து ஆடின ஆட்டத்துக்கு இருந்ததெல்லாம் ராஜாவோட பழைய பாட்டு. 1982ல வந்த 'சகலகலா வல்லவன்', 1986ல வந்த 'விக்ரம்', 1996ல வந்த 'நாட்டுப்புறப் பாட்டு'. கேக்காம போட்டாங்கன்னு அவரு கோர்ட்டுக்கே போனாரு. ஆக, 2025ல ஒனக்குப் புடிச்ச பாட்டு, ஒங்கப்பன் கல்யாணத்துல கொழா ரேடியோவுல பாடினது. அத சொல்லத்தான் ஒனக்கு வெக்கம். வெக்கப்படாத. ஒங்கப்பனுக்கு நல்ல காதுன்னு ஒத்துக்க, போதும்.

புஸ்தகம். பெருமூச்சு விட்டுக்கறேன், இரு. நந்தனத்துப் புஸ்தகக் கண்காட்சிக்குப் போற. பெரிய பையா ஒண்ணு வாங்கற. பையோட போட்டோ. 'பொன்னியின் செல்வன்' படம் வந்தப்ப அஞ்சு பாகமும் வாங்கினியே, வந்தியத்தேவன் இப்ப எங்க இருக்கான்? இன்னும் வீராணம் ஏரிக்கரையிலயே குதிரை மேல ஒக்காந்திருக்கானா? பாவம், எறக்கி விடு.

படிப்புன்னா இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல. பாகூர்ச் செப்பேடு இருக்கே, 9ஆம் நூற்றாண்டு, நிருபதுங்க பல்லவன் காலத்து சங்கதி. இங்க இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூணு கிராமத்த எழுதி வச்சிருக்கு. மூணு கிராமத்து வருமானம், படிக்கறதுக்குன்னே! பட்டணத்துல ரோமன் ரோலண்ட் நூலகம் 1827லேர்ந்து இருக்கு. நீ பஸ் ஏறி அந்தத் தெரு வரைக்கும் போற, எதுத்தாப்ல காபி குடிச்சிட்டு வந்துடற.

ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒருத்தர் இங்க பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியா இருந்தாரு. 1736லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரு. கப்பல் வந்தது, சண்ட வந்தது, யாரு யாரப் பத்தி கோள் சொன்னா, எல்லாம். மார்க்கு மட்டும் போடல. அதப் படிச்சிட்டு நம்ம பிரபஞ்சன் 'வானம் வசப்படும்' எழுதி, 1995ல சாகித்ய அகாதெமி வாங்கினாரு. அப்புறம் கி.ரா. பள்ளிப் படிப்ப முழுசா முடிக்காத கரிசக்காட்டு மனுசன், நம்ம பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியரா வந்து, 2021ல சாவற வரைக்கும் புதுச்சேரியிலயே இருந்தாரு. அவரு இன்னா சேத்தாரு? என்ன மாதிரிக் கெழடுங்க சொன்ன கதைங்கள. அதுல 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'னு ஒரு புஸ்தகம் இருக்கு. அத வாங்கிட்டு வந்து அட்ட போட்டு ஒளிச்சு வைக்காத. ஆயா கண்டா, "இதுல ரெண்டு கதை கொறையுதே"ன்னு சொல்லும்.

இவ்ளோ நேரம் இத எதுக்கு சொன்னேன்? சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல புதுச்சேரியிலதான் செத்தாரு. கருவடிக்குப்பத்துல சமாதி. நூறு வருசம் தாண்டியும் அவரு எழுதின 'வள்ளி திருமணம்' நாடகம் ஓடுது. நாரதரும் வள்ளியும் இன்னிக்கும் விடியற வரைக்கும் தர்க்கம் பண்றாங்க. ஒன் பட்டியல்ல இருக்கற படம் நாலு வாரத்துல தியேட்டர விட்டு போனுக்கு வந்துடுது, அடுத்த நாலு வாரத்துல போன்லயும் தேட வேண்டியிருக்கு. நம்ம பாகூர் ஏரிக்கு சொர்ணாவூர் அணையிலேர்ந்து பங்காரு வாய்க்கால்ல தண்ணி வருது. பங்காரி, சிங்காரின்னு ரெண்டு தாசிப் பொண்ணுங்க, வாழ்நாள் பூரா சேத்த பொன்னப் போட்டு வெட்டினதுன்னு எங்க ஆத்தா சொல்லும். நெசமோ பொய்யோ, யாரும் அதுக்கு நம்பரு போடல. ஆனா சொல்றவங்க இன்னும் சொல்றாங்க, கேக்கறவங்க இன்னும் கேக்கறாங்க. புடிச்சத அப்படித்தான் காப்பாத்தணும். வாயில வச்சிக்கிட்டு அலையணும்.

சரி, பட்டியல் போடாதன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல. போட்டுக்க. ஆனா ஒரு காரியம் பண்ணு. பொங்கல் கழிச்சு, மாட்டுப் பொங்கல் அலுப்பெல்லாம் தீந்ததும் நம்ம வீட்டுத் திண்ணைக்கு வா. போன ஆயாகிட்ட குடுத்துடு, அது சுருக்குப் பையில போட்டுக்கும். பத்துலயும் எது ஞாபகம் வருதோ அத சொல்லு. வராதத விட்டுடு. பேரு மறந்தா பரவால்ல, ஆள சொல்லு. கதை பாதியில அறுந்தா அங்க நீயே ஒட்டுப்போடு, ஒட்டுன எடம் எனக்குத் தெரிஞ்சாலும் கேக்க மாட்டேன். ரெண்டு கதை தேறிச்சுன்னா ஒனக்கு நல்ல வருசம். மூணு தேறிச்சுன்னா நீ பொய் சொல்ற. வர்றப்ப வறுத்த மல்லாட்டை ஒரு படி வாங்கிட்டு வந்துடு. வெறும் வாயில கேக்கற அளவுக்கு ஒன் கதை இருக்கும்னு எனக்கு இன்னும் நம்பிக்கை வரல.